ராகினிக்கு ஒரு சாண்

மாலை ஏழுக்கு முதல் மணி ஒலித்ததும் குயிலி தரையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தாள். தண்ணீர்க் குடம், செருப்பு, அரிசி டப்பா. கடைசியாகத் தணிகையின் வலது கால். முழங்காலைச் சுற்றிக் கட்டுப் போட்டு, அடியில் பலகை வைத்து இறுக்கியிருந்தார்கள். இரண்டு கைகளாலும் அதைத் தூக்கி அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்தாள்.

"மெதுவா வை. அது காலு, அண்டா இல்ல" என்றான் தணிகை.

"அண்டாவா இருந்தா அடுக்கி வச்சிருப்பேன். சும்மா இருய்யா."

இரண்டாவது மணி ஒலித்தது. நகர்சுவர் ஒருமுறை அதிர்ந்து, வழுக்கிக்கொண்டு கொஞ்சம் உள்ளே வந்தது, கொஞ்சம் பின்னால் போனது, பிறகு நின்றது. ஒன்பதாம் மாடியின் இருபத்து நான்கு வீடுகளிலும் அந்த நேரத்தில் எல்லோரும் காலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. மணி ஒலித்தால் முழங்கால் தானாக மடங்கிவிடும். இந்த மாடியில் பிறந்த பிள்ளைகள் நடப்பதற்கு முன்பே கற்றுக்கொள்வது இதைத்தான்.

குயிலி எழுந்து வாசலுக்குப் பக்கத்தில் இருந்த சின்னத் திரையைப் பார்த்தாள். இருவர், ஐந்தரை அடி. நேற்றும் அதுதான். முந்தாநாளும் அதுதான்.

தணிகையின் உயரம் ஆறடி.

பதினேழாம் தூண் என்ற அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் முப்பதாம் மாடி வரைக்கும் ஒவ்வொரு மாடியும் ஒரே நீளக் கூடம். அதை நகர்சுவர்கள் வீடுகளாகத் தடுத்தன. ஒவ்வொரு வீட்டின் கூரையிலும் ஒரு மூச்சுமானி இருந்தது. மனிதர் விடும் மூச்சில் இருக்கும் கரியமில வாயுவை அது அளக்கும். காலை எட்டு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும், உள்ளே எத்தனை பேர் மூச்சு விடுகிறார்களோ அதற்கேற்பச் சுவர் நகரும். ஓர் ஆளுக்கு இரண்டே முக்கால் அடி. வேலைக்குப் போனவர்களின் பங்கைப் பகலில் நிர்வாகம் ஒன்றுசேர்த்துப் பொட்டலம் கட்டும் கம்பெனிக்கு வாடகைக்கு விடும். மாலையில் திருப்பித் தரும்.

முப்பதுக்கு மேலே நிலைச்சுவர். அங்கே இதே அளவுக் கூடத்தில் இரண்டே வீடுகள். அங்கே யாரும் மூச்சை அளப்பதில்லை.

தணிகை அந்த மேல்மாடிகளின் காற்று வடிகட்டிகளைக் கயிற்றில் தொங்கிச் சுத்தம் செய்பவன். இரண்டு வாரத்துக்கு முன் காற்று அவனைத் தூக்கி ஒரு ஜன்னல் விளிம்பில் அறைந்தது. மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஆறு வாரம் கால் மடங்கக் கூடாது, உயர்த்தியும் வைக்கக் கூடாது, தரையோடு தரையாக நீட்டியிருக்க வேண்டும். கோணலாக ஒட்டிக்கொண்டால் இனிமேல் கயிறு ஏற முடியாது. கயிறு ஏறாதவனுக்குத் தூணில் வேலை இல்லை. வேலை இல்லாதவர்களுக்கு வீடும் இல்லை, தரைத்தளத்தில் பெட்டிப் படுக்கைதான்.

குயிலி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தாள். அவள் வெளியே போனால் பகலில் வீடு பாதியாகிவிடும். அவனுடைய காலுக்காக அவள் உட்கார்ந்து மூச்சு விட வேண்டியிருந்தது. அப்படியும் அரையடி பற்றவில்லை. குறுக்கே படுக்கலாமென்றால் அடுப்பும் கழிப்பறைப் பெட்டியும் போக நான்கடிதான். மூலைக்கு மூலை படுத்தால் கழிப்பறைக் கதவு திறக்காது, குயிலி நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும். நிர்வாகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். அன்றே பதில் வந்தது: ஒதுக்கீடு மூச்சின்படி. உயரத்தின்படி அல்ல.

"நான் கொஞ்சம் குட்டையாப் பொறந்திருக்கலாம்" என்றான் தணிகை.

"பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னேன், எங்கம்மா கேக்கல."

அப்போதுதான் ஆடி பிறந்தது.

ஒன்பதாம் மாடிக்காரர்களுக்கு ஓர் அம்மன் உண்டு. லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒரு படம், ஒரு விளக்கு. லிஃப்டடி அம்மன் என்பார்கள். ஆடி முதல் ஞாயிறு அங்கே கூழ் ஊற்றுவார்கள். இரண்டு நாள் முன்பே கேழ்வரகு மாவைக் கரைத்துப் பெரிய டிரம்மில் புளிக்க வைக்க வேண்டும். டிரம் எப்போதும் அம்மன் படத்தின் கீழேதான் நிற்கும். இந்த வருடம் அங்கே குழாய் மாற்றுவதற்காகத் தரையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வாசலில் வந்து நின்றாள். கூழுக்கு மாவு வாங்குவது முதல் வெங்காயம் அரிவது வரை எல்லாம் அவள் பொறுப்பு. தனக்கு மாதாதான் சாமி, ஆனால் கூழுக்கு மதம் கிடையாது என்பாள்.

"குயிலு, ஊட்டோட கெடக்கறது நீங்க ரெண்டு பேருதான். டிரம்ம நீ வச்சுக்கோ. ரெண்டு நாளுதான்."

"எங்க அக்கா வைக்கறது? இவரு காலுக்கே எடமில்ல."

"அடுப்புக்குக் கீய வை. அது ஒண்ணும் காலு நீட்டாது."

வைத்தாள். மறுநாள் சனிக்கிழமை மாலை, வழக்கம்போல முதல் மணி ஒலித்தது. பொருட்களைத் தள்ளி வைத்துத் தணிகையின் காலையும் தூக்கி வைத்தாள். இரண்டாவது மணிக்குச் சுவர் அதிர்ந்தது. பின்னால் போனது. நிற்கவில்லை. இன்னும் போனது. ஒரு சாண் போய்த்தான் நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திரையில் எழுத்து வந்திருந்தது.

புதிய உயிர் பதிவாகியுள்ளது. ஒதுக்கீடு: கால் பங்கு. வாழ்த்துகள்.

"குயிலு" என்றான் தணிகை மெதுவாக. "எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

அவள் குனிந்து டிரம்மின் மூடியில் காதை வைத்தாள். உள்ளே ஏதோ சின்னதாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தாள். மாவின் மேல் ஒரு குமிழி மெல்ல உப்பி, உடைந்து, அடங்கியது. பிறகு இன்னொன்று. புளிக்கிற மாவும் மூச்சு விடுகிறது. மனிதர் விடும் அதே வாயு. சின்ன மூச்சு, சீரான மூச்சு, எங்கும் வெளியே போகாமல் வீட்டோடு கிடக்கும் மூச்சு. மூச்சுமானிக்குத் தெரிந்த வரையில் அப்படி இருப்பது கைக்குழந்தை மட்டுமே.

அவள் அரிசி டப்பாவை அப்புறப்படுத்திவிட்டு, தணிகையின் காலை எடுத்துத் தரையில் நீட்டி வைத்தாள். குதிகாலுக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று விரல் இடம் மிச்சம் இருந்தது. அவன் வெகுநேரம் பெருவிரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றி முடித்தபின் குயிலி டிரம்மைக் கழுவவில்லை. அடியில் கொஞ்சம் மாவை விட்டு வைத்து, புது மாவும் தண்ணீரும் ஒரு துண்டு வெல்லமும் சேர்த்தாள். தினமும் பாதியைக் காய்ச்சுவாள், மீதிக்கு மாவு போடுவாள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை.

"பிள்ளைக்குச் சோறு போட்டியா?" என்று தணிகை படுத்தபடியே கேட்பான்.

"போட்டாச்சு. உனக்குத்தான் இன்னும் இல்ல."

காய்ச்சிய கூழை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். ஆடி மாதம் என்பதால் முதல் வாரம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திரையில் தெரிந்தது அவர்கள் வீட்டுக்கு மட்டும்தான். இவர்களும் யாரிடமும் சொல்லவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் பொய்மூச்சு என்று எழுதி அன்றே தரைத்தளத்துக்கு இறக்கிவிடுவார்கள்.

இரண்டாம் வாரம் கூழ் வாங்க வந்த ஸ்டெல்லா அக்கா அதே நீலச் சேலையில் இருந்தாள். முந்தின நாளும் நீலம். அதற்கு முந்தின நாள் பச்சை, அதற்கு முன் நீலம்.

"இன்னா பாக்கற? பீரோ கதவு தொறக்க மாட்டேங்குதுடி. அந்தச் சொவத்துல முட்டுது. பத்து வருசமா கரெக்டா உரசாமத் தொறக்கும், நானே அளந்து வச்சது. ஒரு வாரமா எங்க போச்சோ, அரை வெரல காணோம். வெளிய கெடந்த ரெண்டு சீலையத்தான் மாத்தி மாத்திக் கட்றேன். நம்ம பேத்திக்கு வச்சிருக்கற கொலுசு, எல்லாம் உள்ள மாட்டிக்கினுகீது."

குயிலியின் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது.

கூடத்தின் நீளம் மாறாது. ஒரு வீட்டுக்குக் கூடினால் மற்ற வீடுகளில்தான் குறைய வேண்டும். ஒரு சாணை இருபத்து மூன்று வீட்டுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு அரை விரல். அரை விரல்தானே, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்திருந்தாள். ஆனால் இந்த மாடியில் எல்லோரும் விரலால் அளந்துதான் குடித்தனம் நடத்தினார்கள். அவளும் அப்படித்தான். அது எப்படி அவளுக்கு மறந்துபோனது?

அன்று கூழில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

மறுநாள் காலை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வெள்ளைக் கோட்டு, தோளில் பை, கையில் ஒரு குட்டி மூச்சுமானி.

"நான் ஹசீனா, நலவாழ்வு நர்ஸ். பதிவு ஆன பிள்ளைய பத்து நாளுக்குள்ள பாக்கணும். குழந்தை எங்கம்மா?"

"தூங்குது, சிஸ்டர்."

"பேரு வச்சாச்சா?"

குயிலி ஒரு கணம் விழித்தாள். "ராகினி."

படுத்திருந்த தணிகைக்குப் புரையேறியது. ஹசீனா வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பார்க்க அதிகம் இல்லை. தூளி இல்லை, துணி காயவில்லை. பால் வாசனைக்குப் பதில் புளித்த வாசனை. அவள் கையிலிருந்த மானி மெல்லக் கீச்சிட்டபடி அவளை அடுப்புப் பக்கம் இழுத்துப் போனது. குனிந்து மூடியைத் திறந்தாள். ஒரு குமிழி உப்பி அவள் முகத்துக்கு நேராக உடைந்தது.

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா அக்கா உள்ளே தலையை நீட்டினாள். "இன்னாமே, கொயந்த நர்சு உன் ஊட்டுக்கு ஏன் வந்துக்கீது? யாருக்கு கொயந்த?"

குயிலி டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கால், விண்ணப்பம், சுவர், வெல்லத் துண்டு வரைக்கும். சொல்லி முடித்து, "உன் பீரோ கதவும் என்னாலதான், அக்கா. இன்னிக்கே டிரம்மக் கழுவிடறேன்" என்றாள்.

ஸ்டெல்லா அக்கா இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். அவள் கண் தணிகையின் குதிகாலுக்குப் போனது, அங்கிருந்து அந்த மூன்று விரல் இடத்துக்கு.

"எத்தினி வாரம் பாக்கி?"

"ரெண்டரை."

"பத்து நாளா என்னை ரெண்டே சீலைல அலைய வுட்டுட்டு, கூழ வேற ஊத்திக் குடுத்துக்கீற. நல்ல மனசுடி உனக்கு." திட்டுகிறாளா சிரிக்கிறாளா என்று குயிலிக்குத் தெரியவில்லை. "கய்வாத. பெத்த பொண்ண யாராவது கய்வி ஊத்துவாங்களா?"

ஹசீனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து பலகைக்கணினியை எடுத்தாள்.

"படிவத்துல கேக்கறதுக்குப் பதில் சொல்றதுதான் என் வேலை" என்றாள். "கேக்காததுக்கு நான் ஏன் சொல்லணும்? மூச்சு சீரா இருக்கா? இருக்கு. வேளாவேளைக்கு ஆகாரம்?"

"ரெண்டு வேளை" என்றான் தணிகை.

"காய்ச்சல்?"

"வெதுவெதுப்பா இருக்கும். அது அவ சுபாவம்."

"அழுகை?"

"சத்தமே இல்ல, சிஸ்டர். முணுமுணுப்பு மட்டும்தான்."

"அமைதியான குழந்தை" என்று ஹசீனா எழுதினாள். எழுதிவிட்டுப் பலகைக்கணினியை மடியில் வைத்தாள். "இந்தத் தூணுக்கு நான் வந்து ஆறு வருசம். இந்த மாடியில நான் பாத்த பிள்ளைங்க ரெண்டே ரெண்டு. ஒவ்வொரு வீட்லயும் அதே பேச்சுதான். இப்ப வேணாம் சிஸ்டர், எடமில்ல. உங்களுக்கு ஒரு விதி தெரியுமா? ஒரு மாடியில எட்டுக் கைக்குழந்தை இருந்தா, அந்த மாடிக்குப் பால்வாடி அறை திறந்து விடணும். நிலைச்சுவர் அறை. தூணு கட்டினப்பவே ஒவ்வொரு மாடிக்கும் ஒண்ணு கட்டியிருக்காங்க."

"எங்க மாடில ஏது?" என்றாள் குயிலி.

"கூடத்துக் கோடில இரும்புக் கதவு இருக்குல்ல?"

"அது கரண்டு ரூமு இல்ல?"

"முப்பத்திரண்டாம் மாடிக்காரங்க சாமான் போட்டு வச்சிருக்காங்க. எட்டுப் பிள்ளைங்க இல்லன்னு வாடகைக்கு விட்டாச்சு. எடம் இருந்தாத்தான் பிள்ளை. பிள்ளை இருந்தாத்தான் எடம். யாரு மொதல்ல ஆரம்பிக்கறது?" அவள் எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டாள். "ஒருதடவ திறந்துட்டா மூணு வருசத்துக்கு மூட முடியாது. அதையும் எழுதி வச்சிருக்காங்க. நான் விதியச் சொன்னேன், அவ்வளவுதான். எங்க தூணிலயும் நான் பத்தாவது மாடிதான், நகர்சுவர்தான்."

அவள் போனபின் ஸ்டெல்லா அக்கா டிரம்மின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். "இதுக்கு ஏயு தங்கச்சி வேணும்" என்றாள்.

ஞாயிறு காலை நடைபாதையில் எல்லோரும் கூடினார்கள். எட்டு வீட்டில் டிரம் வைத்தால், மீதிப் பதினாறு வீட்டிலும் வீட்டுக்கு அரைச் சாண் குறையும். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. மாட்டிக்கொண்டால் எட்டு வீடும் தரைத்தளத்துக்குப் போகும். குயிலி இதையெல்லாம் தானே சொன்னாள். இத்தனை பேருக்கு முன்னால் அவள் பேசியது அதுவே முதல்முறை. எதையும் மறைக்கவில்லை.

கடைசி வீட்டுக் கன்னியப்பன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். "எங்க ஊட்ல மூணு பேரும் இப்பவே ஒருக்களிச்சுதான் படுக்கறோம். அரைச் சாண் போனா, ஒருத்தன் திரும்பணும்னா மூணு பேரும் சொல்லிவச்சுத் திரும்பணும்."

அவன் தலையைச் சொறிந்தான்.

"சரி, திரும்பிக்கறோம். ஆனா ஒரு கண்டிசன். கூழ மட்டும் கொறைங்கப்பா. எனக்கே வயித்துல மாவு பொங்குது. என்னையும் ரெண்டு ஆளா எண்ணிடப்போறான்."

குயிலி தன் டிரம்மிலிருந்து ஏழு வீட்டுக்கும் தாய்மாவு எடுத்துக் கொடுத்தாள். இரண்டு நாளில் ஏழு வீட்டுத் திரைகளிலும் வாழ்த்து வந்தது. ஹசீனா வரிசையாக ஏழு வீட்டுக்கும் போய், ஏழு பெயரையும் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் எழுதிக்கொண்டாள். எட்டும் அமைதியான குழந்தைகள். பதினாறு வீட்டில் முணுமுணுத்தார்கள், முட்டிக்கொண்டார்கள், ஒன்றிரண்டு பேர் ஸ்டெல்லா அக்காவிடம் சண்டைக்கும் போனார்கள். ஆனால் யாரும் கீழே போய்ச் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் குயிலி கண் விழித்ததும் அதைத்தான் முதலில் நினைத்துக்கொள்வாள்.

ஒன்பதாம் நாள் மதியம் நிர்வாகத்து ஆட்கள் வந்து இரும்புக் கதவைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து உறை பிரிக்காத பன்னிரண்டு நாற்காலிகள் வெளியே வந்தன. ஒரு பெரிய மேசை. விருந்தாளிகளுக்கென்று வாங்கி யாரும் படுக்காத ஒரு கட்டில்.

"ஏம்பா" என்று கன்னியப்பன் தூக்குகிறவரைக் கேட்டான், "நாக்காலிங்க மூச்சு விடுமா? இத்தினி வருசம் தனி ரூமுல இருந்துச்சே."

மாலையில் எல்லோரும் உள்ளே போனார்கள். இருபதடிக்கு இருபத்தைந்தடி. ஒரு பக்கம் பெரிய ஜன்னல், அதில் வெயில். யாரும் நடுவில் போகவில்லை. உள்ளே வந்தவர்கள் வந்தபடியே சுவரோரமாக ஒட்டி நின்றார்கள். சிலர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். அத்தனை பெரிய அறையின் நடு காலியாகவே கிடந்தது. கடைசியில் ஸ்டெல்லா அக்காவின் நான்கு வயதுப் பேத்திதான் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஓடினாள். பதினைந்து காலடி வைத்திருப்பாள். நின்று, திரும்பி, நம்பாமல் இன்னொருமுறை ஓடினாள்.

தணிகையைப் பலகையோடு தூக்கி வந்து நடுவில் படுக்க வைத்தார்கள். அவனைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். யாரோ வெற்றிலை எடுத்தார்கள். யாரோ ஒரு பெண் அப்படியே மல்லாந்து படுத்துக் கையிரண்டையும் விரித்தாள். அவள் கை யார் மேலும் படவில்லை. அதற்கே அவள் சிரித்தாள்.

குயிலி தணிகையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இனி ராகினியைக் கழுவி வைக்கலாம். ஸ்டெல்லா அக்காவின் பீரோ திறக்கும். கன்னியப்பன் வீட்டில் அவரவர் இஷ்டத்துக்குத் திரும்பிப் படுக்கலாம். கால் நேராகும் வரை இவன் இங்கேயே நீட்டிப் படுக்கலாம், பிறகு கயிறு ஏறலாம். அவள் மனதில் வேறொரு எண்ணமும் வந்தது. அதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லத் தயாராக இல்லை. டிரம்முக்கு வைக்க முடியாத ஒரு பெயரை மட்டும் உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஏழு மணிக்கு முதல் மணி ஒலித்தது.

பேச்சு நின்றது. வெற்றிலைத் தட்டு உள்ளே இழுக்கப்பட்டது. மல்லாந்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். அறையில் இருந்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் முழங்காலை மடக்கி மார்போடு சேர்த்துக்கொண்டார்கள். குயிலியின் கை தானாகப் போய்த் தணிகையின் குதிகாலைப் பிடித்தது.

இரண்டாவது மணி ஒலித்தது.

கூடத்தில் சுவர்கள் நகரும் சத்தம் வெளியே கேட்டது, பிறகு ஓய்ந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் யார் காலை நீட்டுவது என்று காத்திருந்ததுபோல் இருந்தது.

"கால வுடு, குயிலு" என்றான் தணிகை. "அது அங்கயே இருக்கட்டும்."